கேம்பர் வண்டித் திண்டுறை விளக்கம்

பாயிரம்

சிறப்புப் பாயிரம் என்றால் அதில் எட்டுச் செய்திகள் இருந்தாக வேண்டும் என்று நன்னூல் விதிக்கிறது. கேம்பர் வண்டியின் பழைய குஷனுக்கு வீட்டிலேயே புது உறை தைத்துக்கொள்வது பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவை எல்லாம் ‘சனி, ஞாயிறில் முடிந்துவிடும் சுலப வேலை’ என்று தொடங்கி, புது குஷன்மேல் கால்நீட்டிச் சிரிக்கும் தம்பதியின் படத்தோடு முடிகின்றன. ஒன்றிலாவது பாயிரம் இல்லை. பாயிரம் இல்லாததால் அவற்றை நூல் என்று கொள்ள வழியில்லை. நூல் இல்லாததால் துறை இல்லை. துறை இல்லாததால்தான் அமெரிக்காவின் மேற்குக் கரையில் அத்தனை கராஜ்களில் அத்தனை பேர் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒரே தவறைத் தனித்தனியே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வாய்வு அந்தத் துறைக்கு அடிக்கல்.

எட்டையும் சொல்லிவிடுவோம். ஆக்கியோன் பெயர் அடக்கம் கருதி விடப்பட்டது. வழி: பழைய உறை முதல்நூல், அதைப் பார்த்துத் தைக்கும் புது உறை வழிநூல், இக்கட்டுரை சார்புநூல். எல்லை: வடக்கே ஓட்டுநர் இருக்கையின் முதுகு, தெற்கே எஞ்சின் மேடைமேல் கிடக்கும் திண்டு, கிழக்கும் மேற்கும் தகரம். (படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவன் இவ்வெல்லைக்கு வெளியே. அதன் குஷனை எந்தக் கதாநாயகரும் சொந்தக் கையால் தைப்பதாகத் தெரியவில்லை.) யாப்பு: நேர்த்தையல், பாரம் தாங்கும் இடங்களில் இரட்டைத் தையல். கேட்போர்: பழைய வண்டி வாங்கியவரும், அவரை மணந்த குற்றத்துக்காகத் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரும். பயன்: அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கில் பொருள் கரையும், வீடு ஏற்கெனவே நான்கு சக்கரத்தின்மேல் வாசலில் நிற்கிறது. நூற்பெயரைத் தலைப்பில் காண்க.

எஞ்சியது நுதலிய பொருள். அதைச் சற்று விரிக்க வேண்டும், எம் கொள்கை அதில்தான் இருக்கிறது. குஷன் தைப்பதைத் தையற்கலையின் ஒரு கிளை என்று பலரும் நம்புகிறார்கள். அன்று, அது பதிப்புக்கலையின் ஒரு கிளை. சிதைந்த பிரதி ஒன்று கைக்கு வருகிறது. அதை மேலும் சிதைக்காமல் பிரித்து, படித்து, எது மூலம், எது பிற்சேர்க்கை என்று தெளிந்து, புது ஏட்டில் இறக்க வேண்டும். தையல் மெஷின் இங்கே எழுத்தாணி, அவ்வளவே.

நிலமும் பொழுதும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பிரதி, ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வண்டியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அமைத்த கேம்பர். டச்சு வணிகர் பென் பொன் 1947-இல் குறிப்பேட்டில் வரைந்த ஒரு கிறுக்கலிலிருந்து பிறந்த வண்டி 1950-இல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. மறு ஆண்டே ஜெர்மனியின் வீடன்ப்ரூக் ஊரிலிருந்த வெஸ்ட்ஃபாலியா ‘கேம்பிங் பாக்ஸ்’ என்ற தொகுதியைக் கொண்டுவந்தது. வேலை நாளில் சரக்கு ஏற்றும் வண்டிக்குள் பெட்டியையும் மெத்தைகளையும் ஏற்றினால் விடுமுறை வீடு, இறக்கினால் மறுபடி சரக்கு வண்டி. சிக்கனமான ஏற்பாடு. ஆனால் அன்றைக்குத் தொடங்கிய சிக்கல் இன்றுவரை தீரவில்லை: அந்த மெத்தையின் உத்தியோகம் என்ன?

வீட்டு சோபாவுக்கு ஒரே உத்தியோகம். கேம்பர் திண்டுக்கு மூன்று. பகலில் நாற்காலி, இரவில் கட்டில், இருபத்துநான்கு மணி நேரமும் கீழே இருக்கும் சாமான் பெட்டிக்கு மூடி. நாற்காலிக்கு முன்விளிம்பு சற்று உயர்ந்தும் உள்ளே சரிந்தும் இருப்பது நல்லது. கட்டிலுக்குச் சரிவு ஆகாது. மூடிக்கு எடை ஆகாது. மூவருக்கும் ஒருசேர நல்லவனாக இருக்க முயலும் எவனுக்கும் நேர்வதே திண்டுக்கும் நேர்ந்தது.

இதன் நுட்பம் ‘ராக் அண்ட் ரோல்’ படுக்கை என்று வண்டிக்காரர்கள் சொல்லும் பின்னிருக்கையில் தெளியும். இருக்கையை முன்னே இழுத்தால் முதுகுப் பகுதி சரிந்து மல்லாக்கப் படுக்கும். அதற்கும் பின்னால் எஞ்சின் மேடைமேல் ஒரு திண்டு ஏற்கெனவே கிடக்கும். மூன்றும் ஒரே மட்டத்தில் சேர்ந்தால் படுக்கை. இப்போது, உடம்பு நோகிறது என்று இருக்கைக்கு மட்டும் ஓர் அங்குலம் கனமான நுரை வாங்கிப் போட்டவர் நிலையைக் கருதுக. பகல் முழுதும் அவர் மகாராஜா. இரவில் இடுப்புக்குக் கீழே ஒரு படி.

இன்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரம் அமெரிக்க இழுவைக் கேம்பர்களின் தலைநகரம். அவ்வகை வண்டிகளில் இச்சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. எதிரெதிரே இரண்டு பெஞ்சு, நடுவே சாப்பாட்டு மேசை. இரவில் மேசைப் பலகையை பெஞ்சு மட்டத்துக்கு இறக்கி, முதுகுத் திண்டுகளை உருவி அதன்மேல் பரப்பினால் கட்டில் நிறையும். எனவே முதுகுத் திண்டின் உயரம் என்பது முதுகுக்காக வைத்த அளவே அன்று. மேசையின் அகலத்துக்காக வைத்த அளவு. இது அறியாமல் ‘முதுகுக்கு இவ்வளவு எதற்கு’ என்று மூன்று அங்குலம் குறைத்துத் தைப்பவர், இரவில் அந்த மூன்று அங்குலப் பள்ளத்தைத் தேடிக் கண்டுபிடிப்பார். தேட வேண்டியதும் இருக்காது.

பொழுது இருவகை. பெரும்பொழுது, முதல் பயணத்துக்கு முந்தைய வாரம். சிறுபொழுது, குழந்தைகள் உறங்கிய பின். உரிப்பொருள், பாபினில் நூல் தீர்தலும் தீர்தல் நிமித்தமும்.

சுவடி இயல்

பழைய உறையை அணுகுவதில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று அளப்போர் மரபு. திண்டின்மேல் அளவுநாடா வைத்து நீளம், அகலம், கனம் குறித்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவது. இவர்கள் அளப்பது திண்டை அன்று. பல பத்தாண்டுகளாகப் பலர் உட்கார்ந்து உட்கார்ந்து திண்டு அடைந்த நிலையை. மேலும், கேம்பருக்குள் செங்கோணம் என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே. சக்கர வளைவுக்கு இடம்விட்டு ஒரு மூலை வெட்டுப்பட்டிருக்கும். சுவரோடு சேர்ந்து பின்விளிம்பு சாய்ந்திருக்கும். கதவுப் பக்கம் மூலை வளைந்திருக்கும். நாடா இவற்றைப் பார்ப்பதில்லை.

மற்றது பிரிப்போர் மரபு. தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, துண்டுகளை இஸ்திரி போட்டு விரித்து, அப்படியே பழுப்புக் காகிதத்தில் வரைந்துகொள்வது. எமக்கு இம்மரபே உடன்பாடு. ஆனாலும் இதற்கு ஒரு மறுப்பு உண்டு: பழைய துணி இழுபட்டு விரிந்திருக்கும், அதை அப்படியே நகலெடுத்தால் புது உறையும் பிறவியிலேயே தளர்ந்திருக்கும். மறுப்பு நியாயமே. விடை: துணியை மட்டும் நம்பாமல் திண்டு உட்காரும் பலகையையும் காகிதத்தில் வரைந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். துணி மாறும், பலகை மாறாது. இரண்டும் முரண்பட்டால் பலகையின் பாடமே கொள்ளத்தக்கது.

பாடபேதம் இங்கே ஏராளம். இடப்பக்கத் திண்டைப் பிரித்து அதன்படியே வலப்பக்கத்துக்கும் வெட்டிவிடுபவர்கள் உண்டு. இரண்டும் கண்ணாடிப் பிம்பம் என்று யார் சொன்னது? உ.வே.சாமிநாதையர் ஒரு பாட்டின் பாடபேதங்களுக்காக ஊர் ஊராய் ஏடு தேடி அலைந்தார். கேம்பர் ஆய்வாளருக்கு அந்த அலைச்சல் இல்லை. ஒரே வண்டிக்குள் நான்கு திண்டு, நான்கு அளவு, எல்லாம் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை என்று வண்டிப் பத்திரம் சாதிக்கும்.

அடுத்து இடைச்செருகல். முன்னாள் உரிமையாளர் ஒருவர் கிழிசலில் ஒட்டிய துணி, அவருக்கு முந்தியவர் குத்திய ஊக்கு, யாரோ பீய்ச்சிய பசை இவையெல்லாம் மூலபாடம் அல்ல. சில திண்டுகளில் மேலுறையைக் கழற்றினால் உள்ளே இன்னோர் உறை இருக்கும். எவரோ பழையதைப் பிரிக்கச் சோம்பல்பட்டு அதன்மேலேயே தைத்திருப்பார். பதிப்புலகில் இதற்குக் கண்டனம் எழுதுவோம். இங்கே எழுதக் கூடாது, ஏனெனில் உள்ளே பத்திரமாக இருக்கும் அந்த முதற்பதிப்புத்தான் வெயில் படாமல், நிறம் போகாமல், அசல் அளவோடு கிடைத்திருக்கிறது. சோம்பேறிகளால் காக்கப்பட்ட பாரம்பரியம் உலகில் அதிகம்.

சில திண்டுகள் ஜிப் வைத்த உறைகள் அல்ல. ஒட்டுப்பலகைமேல் நுரை வைத்து, துணியைச் சுற்றி இழுத்து, பலகையின் அடியில் ஸ்டேப்ளர் கம்பி அடித்தவை. அந்தக் கம்பிகளைத் தட்டை முனைத் திருப்புளியால் நெம்பி, குறடால் பிடுங்க வேண்டும். இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அனுபவிக்க நிறைய இருக்கிறது. மறுபடி அடிக்கும்போது நான்கு பக்கத்துக்கும் நடுவில் ஒவ்வொரு கம்பி முதலில், பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி, மூலை கடைசியில். ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக அடித்துக்கொண்டே போனால், துணியின் சுருக்கம் எல்லாம் கடைசி மூலைக்கு வந்து கூட்டம் போடும்.

விதி ஒன்று: எல்லாத் திண்டையும் ஒரே நாளில் பிரிக்கக் கூடாது. ஒன்றையாவது முழுதாக வைத்திருக்க வேண்டும், சந்தேகம் வரும்போது திறந்து பார்க்க. விதி இரண்டு: பிரித்த ஒவ்வொரு துண்டின் மறுபக்கத்திலும் ‘மேல்’, ‘முன்’, ‘கதவுப்பக்கம்’ என்று எழுதிவைக்க வேண்டும். விதி மூன்று: புது உறை நுரைமேல் ஏறி ஜிப் மூடப்படும்வரை பழைய உறை வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட ஏடுகளை நினைத்து நாம் இன்றும் வயிறெரிகிறோம். குப்பை வண்டி வந்து போன மறுநாள் ‘அந்த வளைவு எந்தப் பக்கம் இருந்தது?’ என்று கேட்கும் குரலில் அதே எரிச்சல் உண்டு.

நுரை இயல்

ஜெர்மனியின் லெவர்குசனில் ஆட்டோ பேயரும் அவர் குழுவினரும் 1937-இல் பாலியூரித்தேனைக் கண்டறிந்தார்கள். உட்காரத்தக்க மெத்தென்ற நுரையாக அது சந்தைக்கு வந்தது 1950-களில். அதற்கு முந்தைய யுகத்தில் குதிரைமயிரும் தென்னை நாரும் ரப்பர் பாலில் தோய்ந்து இருக்கைக்குள் கிடந்தன. பழைய ஃபோக்ஸ்வாகன் கார்களைத் திறந்ததும் வரும் வாசனைக்கு அதுவே காரணம் என்று ரசிகர்கள் சொல்வார்கள். நாமும் கயிற்றுக் கட்டில் பரம்பரையினர் ஆதலால், ஒரு ஜெர்மானியர் தென்னை நாரின்மேல் அமர்ந்து ஆல்ப்ஸ் மலை ஏறியதில் நமக்கு மறைமுகப் பெருமை உண்டு. மேலே செல்வோம்.

நுரை பற்றிய பெருங்குழப்பம் ஒன்றே. அடர்த்தியும் கெட்டித்தன்மையும் ஒன்று என்று நினைப்பது. நம் ஊர்க் கடையில் ‘நாற்பது டென்சிட்டி குடுங்க, நல்லா கெட்டியா இருக்கும்’ என்பார்கள். அடர்த்தி என்பது ஒரு கனமீட்டர் நுரை எத்தனை கிலோ என்ற கணக்கு. அது சொல்வது ஆயுளை. கெட்டித்தன்மைக்கு வேறு அளவை உண்டு, ஐ.எல்.டி. என்று பெயர். நான்கு அங்குலக் கனம், பதினைந்து அங்குலச் சதுரம் உள்ள நுரைத் துண்டின்மேல் ஐம்பது சதுர அங்குலப் பரப்புள்ள வட்டத் தட்டை வைத்து அழுத்தி, நுரை கால்பங்கு அமுங்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்று பார்க்கிறார்கள். முப்பத்தைந்து பவுண்டு என்றால் ஐ.எல்.டி. 35. உட்கார முப்பதுக்கு மேல், முதுகு சாய அதற்குக் குறைவாக என்பது பொது வழக்கு. அடர்த்தி குறைந்த நுரையையும் கெட்டியாகச் செய்யலாம், அடர்த்தி மிக்கதை மெத்தென்றும் செய்யலாம். கெட்டியாக இருக்கிறதே என்று வாங்கிய மலிவு நுரை இரண்டே கோடையில் பள்ளமாகிப் போவதன் தத்துவம் இதுதான்.

காண்டல், கருதல், உரை என அளவைகள் மூன்று. கடையில் நுரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது காண்டல் அளவை என்று வாதிடுவோர் உண்டு. கட்டைவிரலால் உட்காருபவர்களுக்கு அது பொருந்தும். மற்றவர்கள் கடைக்காரரிடம் அனுமதி கேட்டு உட்கார்ந்தே பார்க்க வேண்டும், அதிலும் பத்து நிமிடமாவது. நுரை முதல் நிமிடத்தில் எல்லோரிடமும் நல்லவிதமாகத்தான் நடந்துகொள்ளும். வண்டி முழுதுக்கும் கணக்குப் போட்டால் பெரும்பாலும் துணியைவிட நுரைக்கே அதிகம் ஆகும். இதைக் கண்டு நுரையில் மிச்சம் பிடித்துத் துணியில் அள்ளி விடுபவர்களைப் பார்த்திருக்கிறோம். எம் கட்சி நேர் எதிர். துணியில் கஞ்சத்தனம் செய்யலாம். மூன்று வருடம் கழித்து வேறு துணி போடலாம், அளவுகள்தான் கையில் இருக்கின்றனவே. நுரை மட்டமானால் மேலே பட்டே போர்த்தினாலும் பயனில்லை.

நுரையை வெட்டுவது எப்படி என்பதில் அமெரிக்க மரபு வியப்பானது. நன்றியறிதல் நாளில் வான்கோழியை அறுக்க வைத்திருக்கும் மின்கத்தியை எடுக்கிறார்கள். எதிரெதிராக ஓடும் இரண்டு ரம்ப அலகுகள் நுரையை வெண்ணெய்போல் அறுத்துத் தள்ளும். கத்தி செங்குத்தாக நின்றால் போதும், அழுத்தவே வேண்டியதில்லை. கத்தரிக்கோலால் முயன்றால் மேல்பக்கம் ஓர் அளவும் கீழ்ப்பக்கம் வேறோர் அளவுமாக வரும். நுரை அறுத்த கத்தி மீண்டும் சமையலறைக்குள் நுழையலாமா என்பது தீராத விவாதம். ‘கழுவினால் சரி’ என்பார் ஒரு சாரார். இவர்கள் பெரும்பாலும் கத்தியை எடுத்துச் சென்றவர்கள். ‘ஒருபோதும் கூடாது’ என்பார் மறு சாரார். இவர்கள் வான்கோழி சமைப்பவர்கள்.

இனி இவ்வியலின் தலையாய சூத்திரம்: நுரை பெரிது, உறை சிறிது. இதனாற் சொல்லியது யாதோவெனின், நீளத்திலும் அகலத்திலும் நுரையை உறையைவிட அரை அங்குலமாவது கூட்டி வெட்ட வேண்டும் என்பதாம். நுரை அமுங்கி உள்ளே போய், வெளியே தள்ளிக்கொண்டு நிற்பதால்தான் உறை விறைப்பாக இருக்கிறது. சம அளவில் வெட்டினால் முதல் நாளே மூலைகள் காது தொங்கும். நுரையைச் சுற்றி மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு விரிப்பைப் போர்த்தினால் விளிம்பு உருண்டு வரும், துணியும் நுரையோடு உரசாது. இந்த ஒரு சுற்று, வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் உள்ள தூரத்தில் பாதியைக் கடந்துவிடும்.

துணி இயல்

விலங்கியலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தின் நாகடக் ஊரிலிருந்து பெயர் பெற்ற ‘நாகஹைட்’ என்னும் செயற்கைத் தோலை விற்க, 1960-களில் விளம்பரக்காரர்கள் ‘நாகா’ என்றொரு பிராணியைப் படைத்தார்கள். அகன்ற வாய், கூரிய பல், குட்டைக் கை. அது தன் தோலைத் தானே கழற்றித் தந்துவிட்டுச் சுகமாக இருக்குமாம், கொல்ல வேண்டியதில்லை. அதன் பொம்மைகளை இன்றும் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். கொன்று தோலெடுக்காத பிராணி என்பது அகிம்சைக்குப் பெரிய கொடைதான். ஆனால் கொளுத்தும் வெயிலில் அரைக்கால் சட்டையோடு செயற்கைத்தோல் இருக்கையில் உட்கார்ந்து எழுந்தவருக்குத் தெரியும், தோலைக் கழற்றித் தருவது நாகா மட்டும் அன்று. மான்செஸ்டருக்கு அருகே ஹைட் ஊரில் உருவான ரெக்ஸினைப் பேருந்து இருக்கைகளில் சுமந்து வளர்ந்த நமக்கு இதற்குமேல் உரை வேண்டியதில்லை.

கட்டம் போட்ட துணி. வெஸ்ட்ஃபாலியா வண்டிகளின் பெரிய கட்டங்கள், ஆரஞ்சும் மஞ்சளும் பச்சையும், இன்றும் ரசிகர்களின் கண்ணில் ஈரம் வரவழைப்பவை. அதே போன்ற துணியைத் தேடி வாங்குபவர்கள் அதில் ஒளிந்திருக்கும் கணக்கைப் பார்ப்பதில்லை. கட்டத்தின் கோடு முதுகுத் திண்டில் இறங்கி, இருக்கையில் ஓடி, முன்விளிம்பில் வழிந்து, பக்கப் பட்டியிலும் அதே கோடாகத் தொடர வேண்டும். தொடராவிட்டால் வண்டிக்குள் ஏறும் எவர் கண்ணும் வேறெங்கும் போகாது. தொடர வைக்க, ஒவ்வொரு துண்டையும் கட்டம் பார்த்து நகர்த்தி வெட்ட வேண்டும். நகர்த்திய இடமெல்லாம் வீண். அமெரிக்க மெத்தைத் துணியின் அகலம் வழக்கமாக 54 அங்குலம். அதற்குள் இரண்டு பெரிய துண்டு பக்கத்தில் பக்கத்தில் அடங்கும் என்று போட்ட கணக்கு, கட்டத்தால் கவிழும். வெல்வெட்டும் கார்டுராயும் வேறு மாதிரிப் பழிவாங்கும். அவற்றின் ரோமம் ஒரே திசையில் படுத்திருக்கும். ஒரு துண்டை மட்டும் திருப்பி வெட்டினால், ஒரே தானில் எடுத்த துணி இரண்டு நிறமாகத் தெரியும்.

துணியின் உழைப்பை அளக்க மார்ட்டிண்டேல் என்றோர் இயந்திரம் உண்டு. துணியைக் கம்பளித் துணியால் தேய்த்துத் தேய்த்து, எத்தனையாவது தேய்ப்பில் இழை அறுகிறது என்று எண்ணும். கடைச் சீட்டில் இந்த எண்ணைப் பெருமையாகப் போடுவார்கள். ஈரமான நாய் ஒன்று கடற்கரை மணலோடு ஏறிக் குதித்து மூன்று சுற்றுச் சுற்றிப் படுப்பதை அளக்கும் இயந்திரம் இன்னும் வரவில்லை. அதைவிடக் கொடியது வெயில். கேம்பரின் மூன்று பக்கமும் கண்ணாடி. துணி நிறம் போகும், பருத்தி நூல் இற்றுப்போகும். தையலுக்குப் பாலியஸ்டர் நூலே உகந்தது. நைலான் வலுவில் குறைந்ததன்று, ஆனால் வெயிலுக்கு அது பாலியஸ்டர் அளவுக்குத் தாங்காது.

நெருப்பைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. வண்டிக்குள் இருக்கும் துணியும் நுரையும் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாக எரியக் கூடாது என்பது அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி 302. அதாவது ஒரு மீட்டர் இருக்கையைக் கடக்க நெருப்பு கிட்டத்தட்டப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 1988-இன் மெத்தைச் சாமான் தீப்பாதுகாப்பு விதிகள் கேரவன்களையும் உள்ளடக்கியவை. வீட்டில் தைப்பவரைத் தேடி எவரும் தீப்பெட்டியோடு வரப்போவதில்லை. ஆனால் அடுப்பும் படுக்கையும் ஒரு முழ இடைவெளியில் இருக்கும் வீட்டில், தீ தாங்கும் நுரையா, துணியா என்று கடையில் ஒரு வார்த்தை கேட்பது பண்டிதத்தனம் ஆகாது.

மூலை இயல்

பெட்டி உறைக்கு உறுப்புகள் மூன்று: மேல்தட்டு, கீழ்த்தட்டு, சுற்றிவரும் பக்கப் பட்டி. மேல்தட்டைப் பட்டியோடு தைப்பது எளிது. வெற்றிக் களிப்பில் கீழ்த்தட்டையும் தைத்து, திருப்பிப் பார்க்கும்போதுதான் உறை முறுக்கிக்கொண்டு நிற்பது தெரியும். மேல்மூலைக்கு நேர்கீழே கீழ்மூலை இருக்காது, ஓர் அங்குலம் தள்ளிப் போயிருக்கும். காரணம், மெஷினின் பாதம் மேல்துணியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும், அடியிலுள்ள பற்கள் கீழ்த்துணியை முன்னே இழுத்துக்கொண்டே இருக்கும்; ஒரு தையலுக்கு மயிரிழை, ஒரு சுற்றுக்கு ஓர் அங்குலம். பரிகாரம்: மேல்தட்டைத் தைத்தவுடன் பட்டியில் ஒவ்வொரு மூலைக்கும் நேர்கீழே சாக்குக் கட்டியால் கோடிட்டு, அந்தக் கோட்டில் கீழ்த்தட்டின் மூலையைக் குத்திவிட்டு, பிறகே ஊசியை இறக்குவது. மூலையில் திரும்பும்போது ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்ப வேண்டும். திரும்பும் இடத்தில் பட்டியின் விளிம்பில் சிறிதாக ஒரு கத்தரி வெட்டு, தையல்வரை போகாமல்.

விளிம்பில் பைப்பிங் வைப்பதா வேண்டாமா? கோணல் தையலைப் பைப்பிங் மறைக்கும் என்று ஒரு வதந்தி உலவுகிறது. மறைக்காது, கோணலுக்கு அடிக்கோடு இடும். வைப்பதானால் துணியைக் கிராஸாக, நாற்பத்தைந்து பாகையில், பட்டைகளாக வெட்ட வேண்டும். அப்போதுதான் வளைவில் சுருங்காமல் நெகிழ்ந்து கொடுக்கும். முதல் வண்டிக்குப் பைப்பிங் வேண்டாம் என்பது எம் துணிபு. இரண்டாவது வண்டி வாங்கும் அளவுக்குத் தெளியாதவர் அப்போது வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டு மெஷின் இதையெல்லாம் தாங்குமா என்றால், பதினாறு அல்லது பதினெட்டாம் எண் ஊசி போட்டால் பெரும்பாலும் தாங்கும். பட்டியும் பைப்பிங்கும் தட்டும் சேர்ந்து ஆறு மடிப்பு வரும் இடத்தில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். முழுக்க இரும்பால் ஆன பாட்டி காலத்து மெஷின், பொத்தான்கள் நிறைந்த இன்றைய மெஷின் கைவிரிக்கும் இடத்திலும் முனகாமல் போகும்.

ஜிப்

1913-இல் கிடியன் சுந்த்பேக் ஜிப்பை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தார். அது உறையின் பின்பக்கம் முழுவதும் ஓடி, இரண்டு மூலையையும் தாண்டி ஒரு சாண் பக்கவாட்டிலும் போக வேண்டும். அவ்வளவு எதற்கு என்று கேட்பவர் நுரையை இன்னும் உள்ளே தள்ளிப் பார்க்கவில்லை.

உறையேற்றம்

நுரை பெரிது, உறை சிறிது என்று மேலே வீரம் பேசினோம். அதன் வினை இங்கே அறுவடை. பெரிய நுரை சிறிய உறைக்குள் எப்படிப் போகும்? மடக்கித் திணித்தால் நடுவில் மாட்டிக்கொள்ளும். பஞ்சு விரிப்பு ஒருபுறம் சுருண்டு கட்டியாகும். இதற்கு ஒரு மாயம் இருக்கிறது. நுரையைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாயைக் கையால் இறுக்கிப் பிடித்து, வேக்குவம் கிளீனரின் குழாயை உள்ளே விட்டுக் காற்றை உறிஞ்ச வேண்டும். நான்கு அங்குல நுரை தட்டையாகிச் சுருங்கும். அந்த நிலையில் உறைக்குள் செருகி, மூலைகளைச் சரிபார்த்து, பையைக் கிழித்துவிட்டால் நுரை பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து நான்கு மூலையையும் நிரப்பும். பையை மெல்ல உருவிவிடலாம். இதைப் பார்க்கக் குழந்தைகளை எழுப்பலாம். வேறெதற்கும் எழுப்ப வேண்டாம்.

உறங்குபவர்களின் மூச்சும் வியர்வையும் இரவில் திண்டின் அடியில் குளிர்ந்த பலகையில் நீராகக் கோக்கும், கரும்பூஞ்சை பிடிக்கும். பலகையில் துளைகள் போடலாம், சட்டங்களாக மாற்றலாம், காலையில் திண்டை நிமிர்த்தி வைக்கலாம். நிமிர்த்தி வைப்பார் யாருமில்லை, துளை போடுக.

சீட்டு இயல்

அமெரிக்கத் திண்டுகளின் அடியில் தைத்திருக்கும் வெள்ளைச் சீட்டைப் பற்றிச் சொல்லாமல் இவ்வாய்வு நிறைவுறாது. பயனீட்டாளர் அன்றி வேறு எவரும் இதை அகற்றினால் சட்டப்படி தண்டனை என்று அதில் மிரட்டியிருக்கும். எத்தனையோ குடும்பங்கள் அந்த மிரட்டலுக்கு அஞ்சித் தலைமுறை தலைமுறையாகச் சீட்டைக் காத்துவந்திருக்கின்றன. உள்ளபடி, பயன்படுத்திய படுக்கைகளின் அழுக்குப் பஞ்சைப் புதிதென்று அடைத்து விற்ற வியாபாரிகளைப் பிடிக்க வந்த சட்டம் அது. உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று சீட்டு சொல்ல வேண்டும், விற்பவர் அதைக் கிழிக்கக் கூடாது.

வீட்டில் உறை மாற்றுபவருக்கு இதில் ஒரு தர்மசங்கடம் நேர்கிறது. பழைய தோற்றம் குறையக் கூடாது என்று பழைய சீட்டைப் புது உறையிலும் தைப்பவர்கள் இருக்கிறார்கள். நுரை மாறியிருந்தால் சீட்டு பொய் சொல்கிறது, எடுத்தாக வேண்டும். எடுப்பவர் யார்? திண்டைச் செய்தவரும் அவரே, பயனீட்டாளரும் அவரே. செய்தவர் என்ற முறையில் அவர் சீட்டைத் தொடக் கூடாது. பயனீட்டாளர் என்ற முறையில் தாராளமாகக் கிழிக்கலாம். எந்தக் கணத்தில் அவர் முன்னவராக இருப்பதை விட்டுப் பின்னவர் ஆகிறார்? ஜிப்பை மூடும்போதா? நூலை அறுக்கும்போதா? திண்டை வண்டியில் வைக்கும்போதா? எம் முடிபு: உட்காரும்போது. ஆகவே தைத்து முடித்து, ஊசி நூலை எட்டி வைத்து, திண்டை அதன் இடத்தில் பொருத்தி, அதன்மேல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கையைக் கீழே விட்டுத் துழாவிக் கிழிக்க வேண்டும். எழுந்து நின்று கிழிப்பது குற்றம்.